முகம் காட்டாத சிறுவன்

ஒரு சிறுவன் நிற்கிறான். வயது பத்து. காலில் செருப்பில்லை. உடுத்திருப்பது ஒட்டுப்போட்ட உடை. தலையில் முள்ளம்பன்றியின் முட்களைப் போலச் சிலிர்த்து நிற்கும் சில மயிர்கள். இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்து வைத்திருக்கிறான். அவனுடைய முகம் எப்படியிருக்கும் என்பது நமக்குத் தெரியாது. நமக்கு முதுகைக் காட்டியபடி அவன் எதையோ பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

அவனுடைய பெயர் ஹன்ழலா. பலஸ்தீன ஓவியர் நாஜி அல்-அலி 1969ஆம் ஆண்டு குவைத் பத்திரிகையொன்றில் முதன்முதலாக வரைந்த கேலிச்சித்திரப் பாத்திரம் அவன். அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அவனுக்கு இன்னும் பத்து வயதுதான். அரபுலகின் சுவர்களில் நெடுங்காலமாக நின்றுகொண்டிருந்தவன், 2023 ஒக்டோபரில் காஸா மீதான யுத்தம் மூண்ட பிறகு நமது ஊர்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டான். கண்டி, அக்குறணை, மடவளை, கம்பளை எனப் பல ஊர்களிலும் பிள்ளைகளின் கொப்பி உறைகளில், கைபேசிகளின் பின்புறத்தில், மேசை ஓரங்களில் அவனைக் காண்கிறோம்.

இதைப் பார்க்கும் தாய்மார் பலரின் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுகிறது. “மௌலவி, இந்தப் படத்தப் பாத்தாலே மனசு பாரமாப் போகுது. இதப் போய் புள்ளைகள் ஏன் இவ்வளவு விருப்பமா ஒட்டி வெச்சிருக்கு?” என்று அவர்கள் கேட்கிறார்கள். ஒரே வீட்டில் மூத்த மகள் அந்தப் படத்தை ஆசையோடு ஒட்டி வைக்கிறாள். இளைய மகளோ அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. சிரிப்பூட்டும் படங்கள் ஆயிரம் இருக்க, துயரம் தோய்ந்த ஒரு படம் சிலருடைய உள்ளத்தை மட்டும் இழுப்பது ஏன்? இது மனநோயின் அறிகுறியா? ஈமானின் பலவீனமா? அல்லது வேறு ஏதாவதா?

நியாயமான கேள்விதான். நிதானமாகச் சிந்தித்துப் பார்ப்போம்.

உருவம் வரைதல் பற்றிய மார்க்கச் சட்டம் இங்கு நாம் எடுத்துக்கொண்ட விடயமன்று. அதில் உலமாக்களிடையே விரிவான கருத்து வேறுபாடுகள் உள்ளன. அவரவர் தாம் நம்பும் ஆலிம்களிடம் கேட்டு நடப்பதே நலம். நாம் பேச வந்தது அந்தப் படம் தூண்டும் துயரத்தைப் பற்றியும், அத்துயரத்தை நமது வீடுகளில் நாம் எவ்வாறு நடத்துகிறோம் என்பதைப் பற்றியும்தான்.

பெயரிலேயே கசப்பு

அரபு மொழி படித்தவர்களுக்கு ஹன்ழலா என்ற பெயரே பல கதவுகளைத் திறந்துவிடும். ஹன்ழல் என்பது பாலைவனத்தில் தரையோடு படரும் ஒரு கொடி. தமிழில் பேய்க்குமட்டி என்பார்கள். பார்வைக்குச் சின்னஞ்சிறு வத்தகப்பழம் போலிருக்கும். நாவில் வைத்தாலோ தாங்க முடியாத கசப்பு. ஆனால் அதன் வேர் ஆழமானது. மேலே வெட்டினாலும் மீண்டும் துளிர்க்கும்.

குர்ஆன் ஓதாத நயவஞ்சகனுக்கு நபி (ஸல்) அவர்கள் உவமை கூறியது இந்தக் காயைத்தான். மணமும் இல்லை, சுவையும் கசப்பு என்று அதனை வர்ணித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள ஹதீஸ் இது. அதே பெயரை ஸஹாபாக்கள் சிலர் தாங்கியிருந்தார்கள் என்பதையும் நாம் அறிவோம். உஹதுக் களத்தில் ஷஹீதாகி, மலக்குகளால் குளிப்பாட்டப்பட்டவர் என்ற சிறப்பைப் பெற்ற ஹன்ழலா (ரழி) அவர்கள் ஒருவர். வஹீ எழுதுவோரில் ஒருவராக இருந்த ஹன்ழலா அல்-உஸைதீ (ரழி) அவர்கள் மற்றொருவர். இரண்டாமவரின் சம்பவத்தைப் பின்னர் பார்ப்போம்.

ஓவியர் இப்பெயரைத் தேர்ந்தெடுத்தது கசப்பை மனதிற் கொண்டே. தமது வாழ்வில் கண்ட கசப்பைச் சீனி பூசி விற்க அவர் விரும்பவில்லை. படத்தைப் பார்ப்பவர் அந்தக் கசப்பைக் கொஞ்சமாவது சுவைத்துப் பார்க்கட்டும் என்றே எண்ணினார்.

முகாமில் வளர்ந்தவர்

நாஜி அல்-அலி 1930களின் பிற்பகுதியில் வட பலஸ்தீனின் கலீலியப் பிரதேசத்தில் அஷ்-ஷஜரா என்ற கிராமத்தில் பிறந்தார். ஷஜரா என்றால் மரம். 1948இல் இஸ்ரேல் உருவாக்கப்பட்டபோது 7 இலட்சத்துக்கும் அதிகமான பலஸ்தீனர்கள் தமது வீடுவாசல்களை இழந்தார்கள். அவர்களுள் நாஜியின் குடும்பமும் ஒன்று. தென் லெபனானில் சைதா நகருக்கு அருகேயுள்ள ஐனுல் ஹில்வா அகதி முகாமில் அவர்கள் ஒதுங்கினார்கள். அப்போது நாஜிக்குச் சுமார் பத்து வயது. ஹன்ழலாவின் வயது எங்கிருந்து வந்தது என்பது இப்போது விளங்கும்.

முகாமின் சுவர்களே அவருக்கு வரைவதற்கான முதல் கடதாசி. சிறையில் அடைக்கப்பட்டபோது சிறைச்சுவரிலும் வரைந்தார். முகாமுக்கு வந்த பலஸ்தீன எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானி அவருடைய ஓவியங்களைக் கண்டு, 1961இல் அல்-ஹுர்ரிய்யா என்ற சஞ்சிகையில் வெளியிட்டார். பின்னர் தொழில் தேடிக் குவைத் சென்ற நாஜி, 1969இல் அஸ்-ஸியாஸா நாளிதழில் ஹன்ழலாவை அறிமுகப்படுத்தினார்.

தொடக்கத்தில் ஹன்ழலாவுக்கு முகமிருந்தது. 1973 யுத்தத்திற்குப் பிறகே அவன் நமக்கு முதுகைக் காட்டினான். பலஸ்தீன மக்களைக் கேளாமல் வெளியிலிருந்து திணிக்கப்படும் தீர்வுகளை ஏற்க மாட்டேன் என்பதற்கான அடையாளம் அது என்று ஓவியர் விளக்கினார். தாயகம் திரும்பும் நாளில்தான் அவன் வளரத் தொடங்குவான். அதுவரை அவனுக்குப் பத்து வயதுதான் என்றும் கூறினார்.

நாஜி எவரையும் விட்டுவைக்கவில்லை. இஸ்ரேலையும் அமெரிக்காவையும் கண்டித்ததைப் போலவே அரபு ஆட்சியாளர்களையும் பலஸ்தீனத் தலைமைகளையும் கண்டித்தார். ஆகவே அவருக்கு நாலா புறமும் எதிரிகள் இருந்தார்கள். 1985இல் குவைத்தை விட்டு வெளியேற்றப்பட்டு லண்டன் சென்றார். 1987 ஜூலை 22ஆம் திகதி, அங்கே தாம் பணியாற்றிய அல்-கபஸ் பத்திரிகைக் காரியாலயத்தின் அருகே தெருவில் வைத்துத் தலையில் சுடப்பட்டார். ஐந்து வாரங்கள் நினைவற்றுக் கிடந்து, ஓகஸ்ட் 29ஆம் திகதி காலமானார். லண்டனுக்கு வெளியே புரூக்வுட் மையவாடியில் அடக்கஞ் செய்யப்பட்டார். 30 ஆண்டுகளின் பின்னர், 2017இல் பிரித்தானியப் பொலிஸார் மீண்டும் பொதுமக்களிடம் தகவல் கோரினார்கள். அக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

வரைந்தவர் போய்விட்டார். சிறுவன் நிற்கிறான். அதே வருடம் டிஸம்பரில் முதலாவது இன்திபாழா வெடித்தது. கையில் கல்லேந்திய சிறுவர்களை உலகம் தொலைக்காட்சியில் பார்த்தது. அவர்களில் பலருக்கு ஹன்ழலாவின் வயதுதான்.

சிரிப்பூட்டும் படங்களும் இதுவும்

நமது நாட்டில் ரூபவாஹினி 1982இல் தொடங்கியது. டைட்டஸ் தொட்டவத்த சிங்களத்தில் ஆக்கித் தந்த ‘பிஸ்ஸு பூஸா’, ‘ஹா ஹா ஹரி ஹாவா’ போன்ற கார்ட்டூன்களைப் பார்த்துச் சிரித்து வளர்ந்த முஸ்லிம் பிள்ளைகள் கண்டியில் ஏராளம். அவர்களே இன்றைய உம்மாமாரும் வாப்பாமாரும். எனவே கார்ட்டூன் என்றாலே சிரிப்பு என்பது அவர்களுடைய எண்ணம்.

ஆனால் கார்ட்டூன் உலகில் துயரம் புதியதன்று. வால்ட் டிஸ்னியின் ‘பாம்பி’ 1942இல் வெளிவந்தது. வேட்டைக்காரரின் துப்பாக்கிக்குத் தாயைப் பலிகொடுத்த மான்குட்டியின் கதை அது. அமெரிக்க ஓவியர் சார்ள்ஸ் சுல்ஸ் 1950 ஒக்டோபர் முதல் ஏறத்தாழ 50 ஆண்டுகள் வரைந்த ‘பீனட்ஸ்’ தொடரின் சார்லி பிரவுன், விளையாடினால் தோற்பான்; பட்டம் விட்டால் மரத்தில் சிக்கிக்கொள்ளும். 2000 பெப்ரவரியில் அதன் இறுதிச் சித்திரம் வெளியாவதற்கு முந்திய இரவு சுல்ஸ் காலமானார். இந்தியாவில் ஆர். கே. லக்ஷ்மண் 1951 முதல் வரைந்த ‘சாதாரண மனிதர்’, கட்டம் போட்ட கோட்டும் வேட்டியுமாக, வாய் திறவாமல் நாட்டு நடப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இவர்களுக்கெல்லாம் உலகெங்கும் அன்பர்கள் இருக்கிறார்கள். காரணம் என்ன? வெற்றி பெறும் வீரனைக் கண்டு நாம் வியக்கிறோம். தோற்றவனையும் இழந்தவனையும் கண்டால், “இவன் என்னைப் போன்றவன்” என்கிறோம். துயரப்படும் ஒருவரிடம் போய் வேடிக்கை பேசினால் அவருடைய தனிமை இன்னும் கூடும். அதே துயரத்தைத் தாங்கிய ஒருவர் பக்கத்தில் வந்து பேசாமல் அமர்ந்தால் பாரம் சற்றுக் குறையும். மையித் வீட்டுக்குப் போய் வந்த எந்தப் பெண்ணுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே அதிகம் பேசியவரை வீட்டார் மறந்துவிடுவார்கள். கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தவரைப் பல வருடங்களின் பின்னும் நினைவு கூர்வார்கள்.

ஹன்ழலா அப்படிச் சும்மா நிற்பவன். அவனுக்கு முகமில்லாததால் அது எந்தப் பிள்ளையின் முகமாகவும் இருக்கலாம். அவன் அழுகிறானா, கோபமாக இருக்கிறானா, உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறானா என்பதை நாமே நிரப்பிக்கொள்ள வேண்டும். உள்ளத்தில் எதையோ சுமப்பவர்கள் தம்முடைய முகத்தையே அங்கே வைத்துப் பார்க்கிறார்கள். எதையும் சுமக்காதவர்களுக்கு அது வெறும் கோட்டோவியம். சிலரை இழுத்து வேறு சிலரை இழுக்காமல் விடுவதன் இரகசியம் இதுதான்.

இன்னொன்றும் உண்டு. அவன் நமக்கு முதுகைக் காட்டி நிற்பதால் நாம் அவனுக்குப் பின்னால் நிற்கிறோம். அவன் பார்க்கும் திசையையே நாமும் பார்க்கிறோம். அவனைப் பார்க்க வந்த நாம், அவன் பார்ப்பதைப் பார்க்கும் சாட்சிகளாகிவிடுகிறோம். அழும் முகத்தை வரைந்திருந்தால், “பாவம்” என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்போம்.

திரும்பிக்கொண்ட தந்தை

இப்போது தாய்மாரின் உண்மையான அச்சத்துக்கு வருவோம். துயரத்தை விரும்புவது ஈமானுக்கு முரணாகாதா?

அல்குர்ஆனில் ஸூறா யூஸுபை ஓதிப் பாருங்கள். யூஸுப் (அலை) அவர்களை இழந்த யஃகூப் (அலை) அவர்கள், பல வருடங்களின் பின்னர் இன்னொரு மகனும் வீடு திரும்பாத செய்தியைக் கேட்கிறார்கள். அப்போது அவர்கள் செய்த முதற் காரியங்களுள் ஒன்றை 84ஆவது வசனம் சொல்கிறது. பிள்ளைகளை விட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். யூஸுபை எண்ணிக் கவலைப்பட்டார்கள். அந்தக் கவலையால் அவர்களுடைய கண்களும் வெளிறிப் போயின.

ஒரு நபி, தமது மக்களுக்கு முதுகைத் திருப்பி, துயரத்தோடு நிற்கும் காட்சி இது. அல்லாஹ் அதனை மறைக்கவில்லை. கியாமத் நாள் வரை ஓதப்படும் வேதத்தில் இடம்பெறச் செய்தான். பிள்ளைகளோ, இப்படியே நினைத்து நினைத்து உருக்குலைந்து போய்விடுவீர்கள் என்று தந்தையைக் குறை கூறினார்கள். நமது வீடுகளிலும் கேட்கும் குரல்தானே இது? “எத்தனை நாளைக்கு இதையே நினைச்சிட்டு இருக்கப் போறீங்க?” என்று நாமும் கேட்பதில்லையா?

யஃகூப் (அலை) அவர்கள் அதற்குச் சொன்ன பதிலைக் கவனியுங்கள். என் துயரத்தை நான் அல்லாஹ்விடமே முறையிடுகிறேன் என்றார்கள். அடுத்த வசனத்திலேயே அதே பிள்ளைகளை அழைத்து, யூஸுபையும் அவருடைய சகோதரரையும் தேடிச் செல்லுங்கள், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழந்துவிடாதீர்கள் என்று பணித்தார்கள். கவலையும் நம்பிக்கையும் ஒரே உள்ளத்தில் ஒன்றாக இருந்தன. முன்னரே அவர்கள் அழகிய பொறுமை என்று கூறியிருந்ததும் இதைத்தான். அழாமலிருப்பதற்குப் பெயர் பொறுமை என்றால் யஃகூப் (அலை) அவர்களைப் பொறுமையாளர் எனக் கூற முடியாதே!

நமது நபி (ஸல்) அவர்களும் தமது கைக்குழந்தை இப்ராஹீம் இறுதி மூச்சு விடும்போது கண்ணீர் வடித்தார்கள். அருகிலிருந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரழி) அவர்கள் வியப்போடு, தாங்களுமா என்று வினவினார்கள். இது இரக்கம் என்று விடை பகர்ந்த நபியவர்கள், கண் அழும், உள்ளம் நோகும், ஆனால் இறைவனுக்குப் பொருத்தமற்ற எதையும் நாவு பேசாது என்ற கருத்தை விளக்கினார்கள்.

ஆகவே துயரமான ஒரு படம் ஒரு பிள்ளையின் மனதைத் தொடுகிறது என்றால், அப்பிள்ளையின் உள்ளம் மரத்துப் போகவில்லை என்பதே அதன் முதற் பொருள். பிறர் துன்பங் கண்டு நோகாத உள்ளத்தைப் பற்றித்தான் நாம் பயப்பட வேண்டும்.

நமது ஊர்களின் ஹன்ழலாக்கள்

பத்து வயதில் நின்றுபோன பிள்ளைகள் பலஸ்தீனில் மட்டுமா இருக்கிறார்கள்?

நாஜியின் குடும்பம் அகதியான அதே 1948இல்தான் நமது நாட்டில் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் தேயிலை பறித்துக்கொண்டிருந்த மக்கள் உட்பட இலட்சக்கணக்கான மலையகத் தமிழர்கள் நாடற்றவர்களாக்கப்பட்டார்கள். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் சில மணித்தியாலங்கள். சுமார் 70,000 பேர் கையில் கிடைத்ததோடு புறப்பட்டார்கள். பெரும்பாலானோர் புத்தளத்து முகாம்களில் ஒதுங்கினார்கள். அன்று பத்து வயதாக இருந்தவர்கள் இன்று நடுத்தர வயதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகுட்டி பெற்றுவிட்டார்கள். ஆனாலும் பூட்டிவிட்டு வந்த வீட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர்களுடைய குரல் பத்து வயதுப் பிள்ளையின் குரலாகிவிடுகிறது.

2018 மார்ச் மாதத்தைக் கண்டி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். தெல்தெனியவில் தாக்கப்பட்ட ஒரு சிங்கள சாரதியின் மரணத்தை அடுத்துத் திகன, தென்னக்கும்புர, மெனிக்ஹின்ன, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை முதலிய இடங்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. திகனயில் எரிந்த வீட்டினுள் ஒரு முஸ்லிம் வாலிபர் உயிரிழந்தார். மார்ச் 6ஆம் திகதி நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. அயலவர்களான சிங்கள மக்களும் பௌத்த குருமார் சிலரும் முஸ்லிம்களைப் பாதுகாக்க முன்வந்ததையும் நாம் நன்றியோடு நினைவுகூர வேண்டும்.

கூரைகளைத் திருத்தினோம். கடைகளுக்கு மீண்டும் வர்ணம் பூசினோம். அன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு, கட்டிலுக்கடியில் வாயைப் பொத்திக்கொண்டு படுத்திருந்த பிள்ளைகளிடம் என்ன சொன்னோம்? “அது முடிஞ்சு போச்சு, இனி அதப் பத்திப் பேச வேணாம்” என்று சொன்ன வீடுகளே அதிகம். நல்ல நோக்கத்தோடுதான் சொன்னோம். பிள்ளையும் பேசாமலிருந்தது. ஆனால் பேசாததெல்லாம் மறந்ததாகாது. வருடங்கள் கழித்து, முதுகைக் காட்டி நிற்கும் ஒரு சிறுவனின் படத்தைக் கண்டபோது, “இவனுக்கு என்னைத் தெரியும்” என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றியிருந்தால் அதில் என்ன ஆச்சரியம்?

சாவியைக் கழுத்தில் தொங்கவிட்டவள்

நாஜியின் சித்திரங்களில் பெண்களுக்குத் தனி இடமுண்டு. பாத்திமா என்ற பெண் அடிக்கடி வருவாள். அவளுடைய கணவர் மெலிந்து களைத்த ஏழை மனிதர். அவர் சில வேளைகளில் தளர்ந்து போவார். பாத்திமா தளர மாட்டாள். விட்டுவந்த வீட்டின் சாவி அவளுடைய கழுத்தில் தொங்கும். கண்ணீர் விடுவாள், ஆனால் சாவியைக் கழற்ற மாட்டாள்.

1982இல் இஸ்ரேலியப் படை பெய்ரூத்தை முற்றுகையிட்ட காலத்தில் நாஜி வரைந்த ஒரு சித்திரம் புகழ்பெற்றது. குண்டு துளைத்த சுவரொன்றின் ஓட்டைக்குள்ளே துயரந் தோய்ந்த ஒரு பெண் தெரிகிறாள். அவள்தான் பெய்ரூத் நகரம். வெளியே நிற்கும் ஹன்ழலா அவளுக்குக் காலை வாழ்த்துக் கூறி ஒரு பூவை நீட்டுகிறான். அப்போதும் அவனுடைய முகம் நமக்குத் தெரிவதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். இந்தப் படத்தின் துயரம் மனிதரை வீழ்த்தும் துயரமல்ல. இடிந்த சுவருக்கு முன்னாலும் பூவைக் கொண்டு வரச் சொல்லும் துயரம்.

அரபு இலக்கியம் படிப்போர் இந்த இடத்தில் கன்ஸா (ரழி) அவர்களை நினைக்காமலிருக்க முடியாது. அறியாமைக் காலத்தில் தம் சகோதரர்களை இழந்து அவர் பாடிய இரங்கற் கவிதைகள் அரபு மொழியின் பொக்கிஷங்கள். பின்னர் இஸ்லாத்தைத் தழுவினார். காதிஸிய்யா யுத்தத்தில் தம் நான்கு புதல்வர்களும் ஷஹீதான செய்தி வந்தபோது அல்லாஹ்வைப் புகழ்ந்தார் என வரலாற்றாசிரியர்கள் எழுதுவர். அழுதழுது உலகை மறந்த அதே உள்ளந்தான் பின்னர் மலைபோல் நின்றது. அழத் தெரிந்தவர்கள் பலவீனர்கள் என்று யார் சொன்னது?

எல்லையும் உண்டு

இத்தனையும் சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நபி (ஸல்) அவர்கள் கவலையையும் துக்கத்தையும் விட்டு அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடுபவர்களாக இருந்தார்கள். அந்த துஆ நமது பிள்ளைகளுக்கும் மனனமாக இருக்க வேண்டும். துக்கம் வரலாம், வந்து சில நாள் தங்கலாம். ஆனால் வீட்டின் சாவியை அதனிடம் கொடுத்துவிடக் கூடாது.

முன்னர் குறிப்பிட்ட ஹன்ழலா அல்-உஸைதீ (ரழி) அவர்களின் சம்பவம் இங்குதான் பயன்படுகிறது. ஒருநாள் அவர்கள் தாம் நயவஞ்சகராகிவிட்டதாக வருந்தியபடி அபூபக்ர் (ரழி) அவர்களைச் சந்தித்தார்கள். நபியவர்களின் சபையில் இருக்கும்போது சுவர்க்கத்தையும் நரகத்தையும் கண்ணால் காண்பது போலிருக்கிறது, வீட்டுக்குப் போய் மனைவி மக்களோடு கலந்துவிட்டால் அதிகமானவற்றை மறந்துவிடுகிறோம் என்பது அவர்களின் கவலை. தமக்கும் அப்படித்தான் என்றார்கள் அபூபக்ர் (ரழி) அவர்கள். இருவரும் நபியவர்களிடம் சென்று முறையிட்டார்கள். ஒரு நேரம் அதற்கு, ஒரு நேரம் இதற்கு என்ற கருத்தில் நபியவர்கள் அவரைத் தேற்றியனுப்பினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இச்சம்பவத்தைக் காணலாம்.

எத்தகைய ஆறுதல்! மனித உள்ளம் ஒரே நிலையில் நிற்பதில்லை. அப்படி நிற்க வேண்டுமென அல்லாஹ் நம்மைப் படைக்கவுமில்லை. காஸாவின் செய்தியைப் பார்த்து அழுத பிள்ளை, அஸருக்குப் பின் முற்றத்தில் பந்தடித்துச் சிரிக்கிறதா? அதைக் குற்றமாகச் சுட்டிக்காட்டாதீர்கள். சிரித்து விளையாடிய பிள்ளை இரவில் திடீரென அழுகிறதா? அதையும் குற்றமாக்காதீர்கள்.

தாய்மார் கவனிக்க வேண்டியவை

ஹன்ழலாவின் படத்தைப் பிள்ளை ஒட்டி வைத்திருப்பதைக் கண்டால் கிழித்தெறிய அவசரப்பட வேண்டாம். “இந்தப் பையன் எதைப் பார்க்கிறான் என்று நீ நினைக்கிறாய்?” என்று மென்மையாகக் கேளுங்கள். பிள்ளை சொல்லும் பதிலில் அதன் உள்ளம் இருக்கும். சிலர் காஸாவைச் சொல்வார்கள். சிலர் காலமான வாப்பும்மாவைச் சொல்வார்கள். சிலர் வெளிநாட்டில் உழைக்கும் வாப்பாவையோ உம்மாவையோ சொல்வார்கள். இடைமறிக்காமல் கேளுங்கள். உபதேசத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கைபேசியில் ஓயாமல் ஓடும் யுத்தக் காட்சிகளுக்கு வீட்டில் ஒரு நேர எல்லை வையுங்கள். கோட்டோவியம் பிள்ளையைச் சிந்திக்க வைக்கும். இரத்தம் தோய்ந்த காட்சிகளை மணிக்கணக்காகப் பார்ப்பது உறக்கத்தைக் கெடுக்கும். நாளடைவில் உள்ளத்தை மரத்துப் போகவும் செய்யும்.

கவலைக்கு ஒரு வேலை கொடுங்கள். இரண்டு ரக்அத் தொழுது துஆக் கேட்பது, சிறுவாட்டுக் காசில் ஒரு பங்கை ஸதகாவாக ஒதுக்குவது, அயலில் உள்ள நோயாளியைப் பார்த்து வருவது போன்ற சிறிய காரியங்கள் போதும். யஃகூப் (அலை) அவர்கள் கவலையோடு நின்றுவிடாமல், தேடிச் செல்லுங்கள் என்று பிள்ளைகளை அனுப்பினார்கள் அல்லவா? ஹன்ழலாவின் கையிலும் பூ இருந்தது.

பிள்ளையோ பெரியவரோ வாரக் கணக்காக உறங்காமல், உண்ணாமல், படிப்பிலும் விளையாட்டிலும் நாட்டமின்றி, எதிலும் அர்த்தமில்லை என்று பேசத் தொடங்கினால் அது படத்தோடு சம்பந்தப்பட்ட விடயமல்ல. அது சிகிச்சை தேவைப்படும் நோயாக இருக்கலாம். காய்ச்சலுக்கு டொக்டரிடம் போவது போல இதற்கும் போக வேண்டும். அரசாங்க வைத்தியசாலைகளில் மனநல வைத்தியர்கள் இருக்கிறார்கள். 1926 என்ற இலக்கத்திற்கு அழைத்துத் தேசிய மனநல நிறுவனத்தின் ஆலோசனையைப் பெறலாம். ஓதிப் பார்ப்பதும் மருந்து எடுப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று உண்டு. உங்கள் பிள்ளை ஒருநாள் யன்னலோரம் முதுகைக் காட்டிக்கொண்டு பேசாமல் நிற்கும். அப்போது தோளைப் பிடித்து வலிந்து திருப்பாதீர்கள். “என்ன மூஞ்சி இது? கொஞ்சம் சிரிச்சா என்ன?” என்று அதட்டாதீர்கள். பக்கத்தில் போய் நில்லுங்கள். பிள்ளை பார்க்கும் திசையை நீங்களும் சற்று நேரம் பாருங்கள். தான் தனியாக இல்லை என்று தெரிந்தால் அது தானாகவே திரும்பி உங்களைப் பார்க்கும்.

யஃகூப் நபிக்கு யூஸுபைத் திருப்பிக் கொடுத்த, வெளிறிய கண்களுக்கு மீண்டும் ஒளியைக் கொடுத்த வல்ல அல்லாஹ், பலஸ்தீனிலும் நமது நாட்டிலும் வீடிழந்து, உறவிழந்து நிற்கும் எல்லாப் பிள்ளைகளின் உள்ளங்களையும் ஆற்றுவானாக! தமது இல்லம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து வளரும் பாக்கியத்தை அவர்களுக்கு அருள்வானாக! ஆமீன்.